தெர்மல் லேப் எஞ்சின் ஓடியதா?

கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தீர்கள். மாணவர்கள் தங்கள் படிப்பைப் பற்றித் தாங்களே எழுதுவதை வைத்துப் பாடத்திட்டத்தை மதிப்பிடப் போகிறோம், நீங்கள் அந்தக் காலத்திலேயே அதைச் செய்தவராமே, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். மழை வரும்போல இருந்தது, உங்களுக்கும் ரயிலைப் பிடிக்கும் அவசரம். நானும் ஏதோ நல்லபடியாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. எதைச் சொல்லியிருக்க வேண்டுமோ அதைச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். உற்சாகமூட்டும் உரை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

நான் இன்ஜினியர் இல்லை. இன்ஜினியரிங் பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். அறுபதுகளின் நடுவில் தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முள்ளுக்காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. காலையில் செங்கல்பட்டு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய், மெயின் ரோட்டில் இறங்கி, புடவையெல்லாம் செம்மண்ணாக நடந்து போய்ச் சேருவேன். ஆசிரியர் அறையில் எனக்கு ஜன்னலோர நாற்காலி கொடுத்திருந்தார்கள். மரியாதைக்கு இல்லை. அவர்கள் பேசும் எந்திர விஷயம் எனக்குப் புரியாது என்பதால் ஓரமாக உட்கார வைத்தார்கள்.

அப்போதிருந்த பிரின்ஸிபால் ஒரு விசித்திரமான மனிதர். வகுப்பறை வாசலில் நின்று பாடம் கேட்பார், மாணவர்களின் மெஸ்ஸில் போய்ச் சாப்பிடுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், இந்த அஞ்சு வருஷப் படிப்பை முழுசா உட்கார்ந்து பார்த்தவங்க யாரு? நானா, நீங்களா? நாம எல்லாம் அவங்கவங்க பீரியட் முடிஞ்சதும் எழுந்து போயிடறோம். முழுசாப் பார்த்தவன் பையன் ஒருத்தன்தான். அவனைக் கேட்காம வேற யாரைக் கேட்கிறது?”

கடைசி வருட மாணவர்கள் ஒவ்வொருவரும் படிப்பைப் பற்றி மனதில் இருப்பதை எழுதித் தர வேண்டும், பெயர் போட வேண்டாம், ஆங்கிலமோ தமிழோ அவர்கள் இஷ்டம் என்றார். படித்துப் பார்த்துச் சுருக்கமாகச் சொல்வது என் வேலை. ஏன் நான் என்று கேட்டேன்.

“இன்ஜினியரிங் வாத்தியார்கிட்ட கொடுத்தா முதல்ல அதுல தன் பேர் இருக்கான்னு தேடுவார். நீங்கன்னா ஸ்பெல்லிங் மட்டும்தான் பார்ப்பீங்கன்னு பசங்க தைரியமா எழுதுவாங்க” என்று சிரித்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் சில வருடங்கள் எனக்கே அது பிடித்திருந்தது. ஒரு வருடம் பாதிப் பையன்கள் சர்வே பாடத்தைப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். சர்வே ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. விசாரித்தால், அந்த வருடம் அளவெடுக்கும் முகாமைப் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் போட்டிருக்கிறார்கள். அளந்த நேரத்தைவிட ஏரியில் குதித்த நேரம் அதிகம். நான் இதைச் சொல்லிச் சிரித்தபோது பிரின்ஸிபால் சிரிக்கவில்லை. “குளிச்சதும் சரிதான் மேடம். ஆனா வெயில்ல நின்னு தன் கையால அளந்தான் பாருங்க, அது அவனுக்கு மறக்கல. மத்த பாடத்தைப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு பாருங்க” என்றார். பார்த்தேன். மற்ற பாடங்களுக்கெல்லாம் ‘நன்றாக நடத்தப்பட்டது’ என்ற ஒரே வரி. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் அறிவு அதுதான். மாணவன் விவரமாக எழுதினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. ஒற்றை வரியில் பாராட்டினால் அங்கே போய் எட்டிப் பாருங்கள்.

அந்த மனிதர் நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் விலகினார். புதிய பிரின்ஸிபால் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கல்லூரியைக் காப்பாற்ற வேண்டும் என்று ராப்பகலாகக் கவலைப்பட்டவர். அந்தக் கவலையில் நியாயமும் இருந்தது. இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலை இல்லாமல் பையன்கள் அலைந்த காலம் அது. டிகிரி வாங்கியவன் டுடோரியல் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பெற்றோர் இந்தப் படிப்பையே சந்தேகமாகப் பார்த்தார்கள். அதோடு கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருகிறது என்று தகவல் வந்தது. மாணவர்களே எழுதிய தாள்களைக் கமிட்டியின் மேஜையில் வைத்தால் நல்ல பெயர் வரும் என்று புதியவருக்கு யோசனை தோன்றியது. அந்த நிமிடத்திலேயே அந்த வேலை செத்துப்போனது என்று இப்போது நினைக்கிறேன். தன்னைச் சரிசெய்துகொள்ள எழுதச் சொல்வது வேறு, பிறருக்குக் காட்ட எழுதச் சொல்வது வேறு.

அந்த வருடத் தாள்களில் ஒன்று தமிழில் இருந்தது. ஏறக்குறைய இப்படி எழுதியிருந்தது: ‘தெர்மல் லேபில் இருக்கும் டீசல் எஞ்சின் நாங்கள் சேர்ந்த நாளிலிருந்து ஓடவில்லை. ரீடிங்கை போர்டில் எழுதிப் போடுகிறார்கள். நாங்கள் காப்பி செய்கிறோம். கிராஃப் அழகாக வருகிறது. நான் இன்ஜினியர் ஆகப்போகிறேன், ஆனால் ஒரு எஞ்சினைக் கிளப்பியதில்லை. இதை எங்கள் வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.’

பெயர் இல்லாவிட்டால் என்ன, ஆங்கிலக் கட்டுரை திருத்துகிறவளுக்கு எல்லார் கையெழுத்தும் அத்துப்படி. தமிழில் எழுதினாலும் அந்தச் சாய்வு தெரியும். அது ஏழுமலை. பீர்க்கன்கரணைப் பையன். அப்பா ரயில்வேயில் கேங்மேன், தண்டவாள வேலை, ஓய்வு பெறும் வயது. குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவன். வகுப்பில் முதல் மாணவன், ஆனால் வாய் திறந்து பேச மாட்டான்.

அவன் எழுதியது ரகசியம் ஒன்றும் இல்லை. எஞ்சின் ஓடவில்லை என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். மெக்கானிக்கல் துறைத் தலைவரிடமே போய்க் கேட்டேன். வயதானவர், மென்மையானவர். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“ஃப்யூயல் பம்ப் போயிடுச்சு மேடம். பார்ட்ஸ் வேணும்னு எழுதி எழுதி எனக்குக் கை வலிக்குது. நிர்வாகம் காது கொடுக்கல. பழைய ரீடிங்கை போர்டுல எழுதிப் போடாம நான் என்ன செய்யட்டும்? இல்லன்னா பசங்க ரெக்கார்டு நோட்டு காலியா இருக்கும். பரீட்சைக்கு உட்கார விட மாட்டாங்க.”

“கமிட்டிகிட்டயே சொல்லிடலாமே சார்?”

“சொல்லலாம். பசங்க எல்லாரும் பொய் ரெக்கார்டு எழுதியிருக்காங்கன்னு அர்த்தமாயிடும். பிராக்டிகலை ரத்து பண்ணிட்டா ஒரு கிளாஸுக்கே ஒரு வருஷம் போகும். எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், நான் ரிடையர் ஆகப்போறவன்.”

இப்போது என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். தாள் உண்மையைச் சொல்கிறது. அதைக் காட்டினால் அதை எழுதியவனும் அவன் நண்பர்களும் அடிபடுவார்கள். காட்டாவிட்டால் அடுத்த வருடப் பையன்களும் போர்டைப் பார்த்து எஞ்சின் ஓட்டுவார்கள். உங்கள் பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஏதாவது வழி சொல்லித்தருகிறார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கமிட்டிக்குப் போகும் முன் தான் பார்க்க வேண்டும் என்று பிரின்ஸிபால் தாள்களை வாங்கிக்கொண்டார். மறுநாள் அந்த ஒன்றை மட்டும் கையில் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“யார் எழுதினது இது?”

“தெரியாது சார்.”

“உங்களுக்கா தெரியாது? எல்லா பசங்க கையெழுத்தும் தெரியும்னு ஸ்டாஃப் ரூம்ல பெருமையா சொல்லுவீங்களே.”

“இங்கிலீஷ் கையெழுத்து தெரியும் சார். இது தமிழ்.”

கூசாமல் பொய் சொன்னேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. இண்டர்னல் மார்க் அவர்கள் கையில் இருக்கும்போது பையனின் பெயரை நான் கொடுத்திருந்தால் அதற்குத்தான் வருந்தியிருப்பேன். அவர் தாளை என்னிடமே நீட்டி, “இது ஃபைல்ல போக வேண்டாம். நல்லதா எழுதினதை மட்டும் வையுங்க” என்றார்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் ஏழுமலை வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“மேடம், அந்த பேப்பரைக் குடுத்துடுங்க. பசங்க எல்லாம் பயந்துகினு இருக்காங்க. எவன்டா எழுதினதுன்னு ஹாஸ்டல்ல ரூம் ரூமா கேக்கறாங்க.”

“நீ எழுதினது உண்மைதானே?”

“உண்மைதான் மேடம். அதை வெச்சு இன்னா பண்றது? வூட்ல எல்லாரும் இந்த டிகிரியைத்தான் பாத்துகினு கீறாங்க. அப்பாவால இன்னொரு வருஷம் முடியாது.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே கிழித்தான். மிகவும் பொடியாகக் கிழித்து, ரோட்டில் போட மனமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுதச் சொன்னவள் நான். அதற்கு என்ன விலை என்று சொல்லாமலே எழுதச் சொல்லியிருக்கிறோம்.

கமிட்டி வந்த அன்று ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். கமிட்டித் தலைவர் பெரியவர், கோட்டு போட்டவர், மாணவர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, “ரொம்ப நல்லா இருக்கே, தெர்மல் லேப் பற்றி எல்லாரும் சந்தோஷமா எழுதியிருக்காங்க” என்றார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பையன்கள் மேல் பழி விழாதபடி என்ன சொல்வது என்று அதற்கு முன் பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். எழுந்து நின்றேன்.

“சார், அந்த லேப் எஞ்சின் ரிப்பேராகி ரொம்ப நாளாச்சு. துறைத் தலைவர் பலமுறை எழுதியும் பார்ட்ஸ் வாங்கித் தரல. நீங்க சொன்னா நிர்வாகம் வாங்கும். அதை மட்டும் உங்க ரிப்போர்ட்ல எழுதணும்.”

துறைத் தலைவர் குனிந்துகொண்டார். பிரின்ஸிபால் அசரவில்லை. “மேடம் இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் சார்” என்றார் புன்னகையோடு. கோட்டு போட்டவரும் புன்னகைத்தார். “எந்த எஞ்சின்னு மேடத்துக்குக் குழப்பம் வந்திருக்கலாம். ஒரு பையனையே கேட்டுடுவோமே” என்றார். லேபுக்குப் போய் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்று அந்த இன்ஜினியர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடந்து போனால் ஒரு நிமிடத் தூரம்.

வகுப்பில் முதல் மாணவனை அழைத்துவரச் சொன்னார்கள்.

ஏழுமலை வந்து நின்றான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்க்கவில்லை.

“தெர்மல் லேப்ல எஞ்சின் ஓடிச்சாப்பா?”

“ஓடிச்சு சார்.”

“நீ அதுல லோட் ஏத்தி டெஸ்ட் பண்ணினியா?”

“பண்ணேன் சார்.”

ரீடிங்கையும் கேட்டார்கள். தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒவ்வொன்றாக ஒப்பித்தான். கமிட்டித் தலைவர், “வெரி குட்” என்றார். நான் உட்கார்ந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை, அதுவரை நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஊரப்பாக்கம் வரை பஸ்ஸில் கோபமாகவே இருந்தேன். வண்டலூர் தாண்டும்போது கோபம் போய்விட்டது. அவன் இடத்தில் நான் இருந்தால் ரீடிங்கை இன்னும் சத்தமாக ஒப்பித்திருப்பேன். அந்தக் கேள்வியை அந்த அறையில் அவனிடம் கேட்டதே அநியாயம். மாணவனிடம் உண்மையைக் கேட்கும்போது, அதைச் சொன்னால் அவனுக்கு என்ன ஆகும் என்பதை முதலில் யோசியுங்கள். அவனுக்கு அடி விழும் என்றால் கேட்காதீர்கள். நீங்களே எழுந்து போய் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். ஆனால் கதை இதோடு முடியவில்லை.

அங்கீகாரம் கிடைத்தது. பையன்கள் தேறினார்கள். ஏழுமலை முதல் வகுப்பு. கல்லூரியில் இனிப்பு கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். தாள் எழுதும் வழக்கத்தையும் நிறுத்தவில்லை. அதுதான் கமிட்டிக்குப் பிடித்துப்போயிற்றே. அடுத்த வருடத் தாள்களைப் படித்தேன். எல்லாம் ஒரே மாதிரி. தெர்மல் லேப் சிறந்த வசதிகள் கொண்டது என்று கிட்டத்தட்ட எல்லோரும் எழுதியிருந்தார்கள். என்ன நடந்தது என்பதைத் தம்பிகளுக்கு அண்ணன்மார் சொல்லியிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஏழுமலை வாசலில் நின்றுகொண்டிருந்தான். வலது கை விரல் நுனிவரை மாவுக்கட்டு. இளைத்திருந்தான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நடந்ததைச் சொன்னான்.

ரொம்ப நாள் அலைந்த பிறகு பல்லாவரத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியிலிருந்து இண்டர்வியூ வந்திருக்கிறது. வாயால் கேட்ட கேள்விக்கெல்லாம் நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறான். அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. கடைசியில் ஷெட்டுக்குக் கூட்டிப் போய், “இதைக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுப்பா” என்று ஒரு டீசல் எஞ்சினைக் காட்டியிருக்கிறார்கள்.

“ஹேண்டிலைப் புடிச்சு சுத்தினேன் மேடம். அது திருப்பி அடிச்சிடுச்சு. கட்டை விரலும் மணிக்கட்டும் போச்சு.”

“ஐயோ. என்னப்பா இது?”

“கட்டை விரலை ஹேண்டிலைச் சுத்திப் புடிக்கக் கூடாதாம். மத்த விரல் இருக்கிற பக்கமே வெச்சுக்கணுமாம். எஞ்சினைத் தொட்டவன் எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிக் குடுக்கறதாம். அந்த சூப்பர்வைசர் கேட்டாரு, இன்னாப்பா, காலேஜ்ல எஞ்சினே ஓட்டலையான்னு.”

“நீ என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல மேடம். அன்னிக்கு ஓடிச்சுன்னு சொன்னேனே, அதுதான் ஞாபகம் வந்துச்சு.”

வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கை பழையபடி ஆவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். இதையெல்லாம் அவன் எந்தக் குறையும் சொல்லாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காபி குடித்த பிறகு, “எழுதணும் மேடம்” என்றான். “இப்போ எழுதலாம். டிகிரி கைக்கு வந்துடுச்சு, இனிமே எங்கிட்ட எதைப் புடுங்கப்போறாங்க? அடுத்த பசங்க கையாவது நல்லா இருக்கட்டும்.”

வலது கையால் எழுத முடியாது. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எஞ்சின் ஓடாதது, கமிட்டி முன்னால் ஓடியது என்று சொன்னது, அதற்குக் காரணம், பல்லாவரம், கை. ஒரு வார்த்தையும் நான் திருத்தவில்லை. இந்தத் தடவை பெயரும் போடச் சொன்னான். கையெழுத்துக்காகப் பேனாவை இடது கையில் பிடித்துப் பார்த்தான். கோழி கிளறியதுபோல வந்தது. அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு, இங்க் பாட்டிலின் மூடியில் இடது கட்டை விரலைத் தொட்டு, தாளின் அடியில் ரேகை வைத்தான். பி.இ. முதல் வகுப்பு. அவன் அப்பா சம்பளம் வாங்கும்போது வைத்த மாதிரி.

திங்கட்கிழமை அதைப் பிரின்ஸிபாலிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு தாளை மேஜைமேல் வைத்தார்.

“பாவம், கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதை நான் எப்படி ஃபைல்ல வைக்கிறது? கையெழுத்து உங்களோடது. கீழ ஒரு ரேகை. இன்ஜினியரிங் படிச்சவன் ரேகை வெச்சான்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?”

தாளைப் பாதியாக மடித்து என் பக்கம் நகர்த்தினார். அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். கதவருகே போகும்போது கூப்பிட்டார்.

“மேடம், இந்த வருஷம் பசங்க எழுதின பேப்பர்ஸ் எப்படி வந்திருக்கு?”

“எல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு சார்” என்றேன்.